காவலூரின் யுரேனஸ் கட்டுரைகள்: ஆய்விதழ் அறம் பற்றிய ஒரு மதிப்பீடு

காவலூர் வானாய்வகத்திலிருந்து யுரேனஸ் கோளைப் பற்றி 1977-ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக்கட்டுரைகள் லண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் இதழில் வெளியாயின. மே மாதம் வந்த முதல் கட்டுரை யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருப்பதாக அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த இரண்டாவது கட்டுரை வளையங்களைப் பற்றிப் பேசியது. யுரேனஸ் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றில் இவ்விரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் தமிழிலும் ஆங்கிலத்திலும் காவலூரைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான குறிப்புகளில் 'யுரேனஸின் வளையங்கள் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்டன' என்ற ஒற்றை வரியே காணப்படுகிறது. முதல் கட்டுரை என்ன சொன்னது என்பது அந்த வரியில் இல்லை. ஆய்விதழ்களின் அறநெறி குறித்த இன்றைய விவாதங்களில் கவனிக்கப்படாத ஒரு பகுதியை இந்த வேறுபாடு காட்டுகிறது.

காவலூர்

காவலூர் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்துக்கு அருகே உள்ள சிற்றூர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக 1960-ல் பொறுப்பேற்ற எம்.கே. வைணு பாப்பு, இரவு வானை நோக்குவதற்கு ஏற்ற இடமாக இதைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் கொடைக்கானல் பணிமனையிலேயே செய்யப்பட்ட 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1971-ல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பாகியது. மறு ஆண்டு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பட்டது. 1986-ல் ராஜீவ் காந்தி 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்தபோதே வானாய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயர் இடப்பட்டது. 1982-ல் மறைந்த பாப்பு அதைப் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகையில், நிலநடுக்கோட்டுக்கு அருகே அமைந்திருப்பது காவலூரின் சிறப்பு. சில நிமிடங்களே நிகழும் வான் நிகழ்வுகளை உலகின் இந்தப் பகுதியிலிருந்து பதிவுசெய்யக்கூடிய பெரிய தொலைநோக்கிகள் அன்று மிகக் குறைவு. பின்னால் சொல்லப்படும் இரு நிகழ்வுகளிலும் காவலூருக்கு இடம் கிடைத்ததற்கு இந்த இட அமைப்பே முதற்காரணம்.

1977 மார்ச் 10

எஸ்.ஏ.ஓ. 158687 என்று எண்ணிடப்பட்ட விண்மீன் ஒன்றை யுரேனஸ் கடந்துசெல்லும் என முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்தது. உலக நேரப்படி மார்ச் 10 இரவு. இந்தியாவில் அது மார்ச் 11 அதிகாலை. தொலைவிலுள்ள கோள் ஒரு விண்மீனை மறைக்கும்போது விண்மீனின் ஒளி எவ்வாறு மங்குகிறது என்பதை அளந்து, கோளின் விட்டத்தையும் வளிமண்டலத்தையும் அறியலாம். அந்த இரவில் எல்லா வானாய்வகங்களும் காத்திருந்தது இதற்காகத்தான். வளையத்தைத் தேடி எவரும் தொலைநோக்கியைத் திருப்பவில்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், டக்ளஸ் மிங்க் ஆகியோர் நாசாவின் கைப்பர் வான்வழி ஆய்வகத்தில் இருந்தனர். இது 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்தப்பட்ட விமானம். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேல் பறந்துகொண்டிருந்தது. ராபர்ட் மில்லிஸ் குழுவினர் ஆஸ்திரேலியாவின் பெர்த் வானாய்வகத்தில் இருந்தனர். இந்தியாவில் காவலூரும் நைனிதாலும் பார்த்துக்கொண்டிருந்தன.

கோள் விண்மீனை நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. விமானத்தில் இருந்தவர்கள் இப்படிப்பட்ட ஐந்து மங்கல்களைக் கண்டனர். கோள் விண்மீனை மறைத்து வெளிவந்த பின்னர் மறுபக்கத்திலும் ஐந்து மங்கல்கள் பதிவாயின. காவலூரின் ஒளிமானியில் தெளிவாகத் தெரிந்தது ஒரு மங்கல்.

ஒரு துணைக்கோள் விண்மீனை மறைத்தால், அந்த மறைப்பு கோளின் ஒரு பக்கத்தில் மட்டுமே நிகழும். பூமியிலும் ஒடுங்கிய ஒரு பட்டையில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். வளையம் என்றால் இருபக்கமும் சம தொலைவில் மறைப்பு நிகழும், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். ஆகவே காவலூரின் பதிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எது துணைக்கோள், எது வளையம் என்று சொல்ல முடியாது. விமானத்தின் பதிவில் இருபுறமும் இருந்த இணைகளே விடையைத் தந்தன. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மிக ஆழமான மங்கலை உண்டாக்கிய வெளிவளையம், இன்று எப்சிலான் என்று அழைக்கப்படுவது, முழு வட்டமாக இல்லை. அதன் அகலமும் ஒரே அளவாக இல்லை. எனவே அதன் இரு மங்கல்களும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தவில்லை. எலியட் குழுவினரும் தம் முதல் அவசர அறிவிப்பில் துணைக்கோள்களின் பட்டை என்றே சொல்லியிருந்தனர். காவலூரில் இருந்தவர்கள் மட்டும் தவறாக நினைத்தார்கள் என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

நேச்சரின் ஐந்து பக்கங்கள்

நேச்சர் இதழின் 267-ஆம் தொகுதியில், 1977 மே 26 இதழில், மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாயின. 328-ஆம் பக்கத்தில் தொடங்குவது எலியட், டன்ஹாம், மிங்க் எழுதியது. தலைப்பு 'யுரேனஸின் வளையங்கள்'. 330-ஆம் பக்கத்தில் மில்லிஸ் குழுவின் கட்டுரை, அதுவும் வளையங்களைப் பற்றியது. 331-ஆம் பக்கத்தில் காவலூரின் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் எழுதிய கட்டுரை. அதன் தலைப்பு 'யுரேனஸின் ஒரு புதிய துணைக்கோள்'.

ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வளையம் என்கின்றன, மூன்றாவது துணைக்கோள் என்கிறது. நேச்சர் இதழில் சக ஆய்வாளர் மதிப்பீடு முறைப்படி கட்டாயமாக்கப்பட்டது 1973-ல்தான். நான்கு ஆண்டுகளுக்குப் பின், பதிப்பாசிரியர்கள் முரண்பட்ட விளக்கங்களை அருகருகே வைத்து அச்சிட்டார்கள். இது கவனக்குறைவு என்று முதலில் தோன்றலாம். ஆனால் வேறு வழிகளை எண்ணிப்பார்த்தால் இந்த முடிவின் மதிப்பு புரியும். காவலூர்க் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தால், வேறொரு இடத்திலிருந்து தனித்து எடுக்கப்பட்ட ஒரு பதிவு உலகின் பார்வைக்கு வராமல் போயிருக்கும். வளையம் என்று மாற்றி எழுதச் சொல்லியிருந்தால், காவலூரின் தரவு தானாக நிறுவாத ஒன்றை அது நிறுவியதாகப் பதிவாகியிருக்கும். எலியட் குழுவின் முடிவைக் காவலூர் கடன் வாங்கியிருக்கும். அந்தக் கடன் வெளியே தெரிந்திருக்காது.

கட்டுரையில் குறை இல்லாமல் இல்லை. தலைப்பில் தயக்கம் இல்லை. ஒரே ஒரு மங்கலை வைத்து 'புதிய துணைக்கோள்' என்று உறுதியாகப் பெயரிட்டது மிகை. துணைக்கோளாக இருக்கக்கூடும் என்று எழுதியிருந்தால் அறிவியல் அளவிலும் அற அளவிலும் அது சரியாக இருந்திருக்கும். யுரேனஸின் விஷயத்தில் இப்படி அவசரப்பட்டவர்களில் மிகப் பெரியவர்களும் உண்டு. அக்கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் 1798-ல் அதற்கு மேலும் நான்கு துணைக்கோள்கள் இருப்பதாக அறிவித்தார். நான்கும் இல்லாதவை.

ஆனால் மிகைத் தலைப்பு வேறு, மோசடி வேறு. எப்போது, எங்கிருந்து, எந்தக் கருவியால், எவ்வளவு ஒளி குறைந்தது என்பதை வெளியிட்டால், விளக்கம் பிழைபட்டாலும் மற்றவர்கள் அந்தப் பதிவை எடுத்துப் பயன்படுத்த முடியும். காவலூரின் பதிவுக்கு நேர்ந்தது இதுதான். விளக்கம் தோற்றது, அளவீடு எஞ்சியது. துணைக்கோளாகக் கருதப்பட்ட மங்கல் எப்சிலான் வளையத்தினுடையது என்று கொள்ளப்பட்டது. 1986-ல் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸைக் கடந்தபோது சிறிய துணைக்கோள்கள் பலவற்றைக் கண்டுபிடித்தது. அதைக் காட்டி 1977 கட்டுரை பிற்பாடு மெய்ப்பிக்கப்பட்டதாகச் சொல்வது பொருந்தாது. அன்று விண்மீனை மறைத்தது அவற்றில் எதுவும் அல்ல.

இரண்டாவது கட்டுரை

பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் எழுதிய இரண்டாவது கட்டுரை நேச்சரின் 270-ஆம் தொகுதியில் 503-ஆம் பக்கத்தில் வந்தது. 'யுரேனஸைச் சுற்றிச் சனியைப் போன்ற வளைய அமைப்பு' என்பது தலைப்பு. காவலூர்ப் பதிவுகளை வளையங்களின் வெளிச்சத்தில் மறுபடி படித்த கட்டுரை இது. முதல் கட்டுரை வந்த அதே இதழில், அதே ஆண்டில், அதன் முதல் ஆசிரியரே தன் பெயரைப் போட்டு வேறு விளக்கத்துக்கு வந்திருக்கிறார். பிழை எங்கே அச்சானதோ அங்கேயே அதைத் திருத்த வேண்டும் என்பது ஆய்விதழ் அறத்தின் அடிப்படைகளுள் ஒன்று. பதிப்பு அறநெறிக் குழு லண்டனில் உருவானது 1997-ல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாமலேயே இது நடந்தது.

இத்தலைப்பும் நிலைக்கவில்லை. யுரேனஸின் வளையங்கள் பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உள்ள கரிய இழைகள். சனியின் அகன்ற ஒளிமிகு வளையங்களைப் போன்றவை அல்ல. காவலூர், நைனிதால் ஆய்வாளர்கள் சேர்ந்து 1979-ல் மேலும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விளக்கம் இப்படி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இந்த மாற்றம் முழுவதும் அச்சில் இருப்பதுதான் முக்கியம்.

இவ்விரு கட்டுரைகளையும் ஒப்பிடும்போது இன்றைய வாசகருக்கு இன்னொரு கேள்வியும் எழும். முதல் கட்டுரையில் பட்டாச்சார்யாவுடன் இருந்த குப்புசாமியின் பெயர் இரண்டாவதில் இல்லை. வானாய்வகத்தை உருவாக்கிய பாப்புவின் பெயர் இருக்கிறது. இதிலிருந்து எந்தக் குற்றச்சாட்டையும் உருவாக்கக் கூடாது. ஆசிரியர் வரிசையை மட்டும் வைத்து யார் தொலைநோக்கியில் இருந்தார், யார் கணக்கிட்டார், யார் எழுதினார் என்று அறிய முடியாது. அக்காலத்து ஆய்விதழ்கள் அதைக் கேட்கவும் இல்லை. இன்று பல இதழ்கள் ஒவ்வொரு ஆசிரியரின் பங்களிப்பையும் தனித்தனியே எழுதச் சொல்கின்றன. வானாய்வகம் போன்ற இடங்களுக்கு இந்த விதி மிகவும் தேவையானது. கருவியை இயக்குபவர், இரவெல்லாம் பதிவைக் கண்காணிப்பவர், தரவை ஆராய்பவர் ஆகியோர் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். கட்டுரையின் மேல்வரியில் எல்லாரும் வருவதில்லை.

கனிமீடும் வளிமண்டலமும்

இதே தொலைநோக்கி நிறுவப்பட்ட ஆண்டிலேயே இன்னொரு விண்மீன் மறைப்பு நிகழ்ந்தது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கனிமீடு எஸ்.ஏ.ஓ. 186800 என்ற விண்மீனை மறைத்தது. காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் எடுத்த பதிவுகளைக் கொண்டு இந்திய, இந்தோனேசிய, அமெரிக்க ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 1973-ல் அமெரிக்காவின் சயன்ஸ் இதழில் கட்டுரை வெளியிட்டது. கனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு, அதன் மேற்பரப்பு அழுத்தம் ஏறக்குறைய 0.1 பாஸ்கல் அல்லது அதற்கு மேல் என்பது அதன் முடிவு.

1979-ல் வாயேஜர் 1 விண்கலம் கனிமீடு வேறொரு விண்மீனை மறைப்பதைப் புற ஊதாக் கதிரில் பார்த்தது. அழுத்தம் ஒரு பாஸ்கலின் பத்து லட்சத்தில் இரண்டரைப் பங்குக்கும் குறைவு என்று தெரிந்தது. 1973 மதிப்பில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பின்னர் ஹபிள் தொலைநோக்கி மிக மெல்லிய ஆக்சிஜன் உறையைக் கண்டது. 1973 கட்டுரை கூறிய வளிமண்டலம் இதுவல்ல. அந்த அளவு மெல்லிய உறையைக் காவலூரிலிருந்து விண்மீன் மறைப்பின் மூலம் உணர்ந்திருக்கவும் முடியாது. இருந்தும் 'கனிமீடின் வளிமண்டலம் 1972-ல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்டது' என்ற வாக்கியம் இன்றும் சுற்றுலாக் குறிப்புகளிலும் பொது அறிவு நூல்களிலும் கலைக்களஞ்சியப் பதிவுகளிலும் வாழ்கிறது. வாயேஜரின் அளவு அவற்றில் வருவதில்லை.

மேற்கோளில் நேரும் திரிபு

யுரேனஸ் பற்றிய வாக்கியத்துக்கும் இதே கதி. ஆய்வுக்கட்டுரை 'துணைக்கோள்' என்றது. அதை மேற்கோள் காட்டுபவர் 'வளையம்' என்கிறார். கட்டுரை எழுதியவர்கள் கோராத பெருமையை மேற்கோள் காட்டுபவர் அவர்களுக்குத் தருகிறார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நாட்டுப் பற்று, ஊர்ப் பற்று, நல்ல செய்தியை நறுக்கென்று சொல்லும் ஆசை ஆகியவையே காரணம். ஆனால் விளைவு கெட்டதுதான். காவலூரில் உண்மையில் நடந்தது, சிறிய குழு ஒன்று பெரிய கண்டுபிடிப்பின் ஒரு துண்டைச் சரியாக அளந்து, தவறாகப் புரிந்துகொண்டு, சில மாதங்களில் தன்னைத் திருத்திக்கொண்டது. அது ஒரு மாணவருக்குக் கற்றுத்தரக்கூடியது மிகுதி. 'கண்டுபிடிக்கப்பட்டன' என்ற வரி அதை முழுவதுமாக அழித்துவிடுகிறது. அத்துடன், பத்து மங்கல்களையும் இணைசேர்த்து வளையம் என்று கண்டவர்களின் பங்கையும் மறைக்கிறது.

ஆய்விதழ் அறம் என்றால் கட்டுரை எழுதுபவரும் பதிப்பாசிரியரும் பின்பற்ற வேண்டியவை என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. மேற்கோள் காட்டுபவருக்கும் அதில் பங்கு உண்டு. மூலக் கட்டுரையைப் படிக்காமல் இன்னொருவர் அதைப் பற்றி எழுதிய வரியை எடுத்து எழுதுவது ஆய்வுலகில் சாதாரணமாக நடக்கிறது. மூலத்தின் தலைப்பை ஒருமுறை பார்த்திருந்தாலே காவலூர்ப் பிழை தவிர்க்கப்பட்டிருக்கும்.

இன்றைய விதிகள்

இந்தியாவில் ஆய்வு நேர்மைக்கான விதிகள் வேறொரு திசையில் வளர்ந்திருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள், கட்டுரையின் எத்தனை விழுக்காடு பிறர் எழுத்துடன் ஒத்திருக்கிறது என்று அளக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40, 60 எனப் படிகள். அதே ஆண்டு மே மாதம் தரமற்றவை என்று 4,305 இதழ்களை அக்குழு தன் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆண்டின் இறுதியில் 'கேர்' என்ற புதிய பட்டியல் முறையை அறிவித்தது. 2025-ல் அதுவும் கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்கு இதழில் கட்டுரை கட்டாயம் என்ற விதி 2022-ல் தளர்த்தப்பட்டது. அதற்குள் அந்த விதியை நம்பியே பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகியிருந்தன. தமிழ்நாட்டின் கல்லூரிகளில் பணியாற்றும் எவருக்கும் இது புதிய செய்தியல்ல.

ஒற்றுமை விழுக்காட்டை எண்ணும் மென்பொருள் காவலூரைப் பற்றிய பொய்யான வரியைப் பிடிக்காது. சொந்தச் சொற்களில் எழுதிய பொய்க்கு ஒற்றுமை விழுக்காடு சுழியம்.

இதைவிடக் கவலைக்குரியது 2025-ல் தேசிய நிறுவனத் தரவரிசையில் அறிவிக்கப்பட்ட மாற்றம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு எதிர்மறை மதிப்பெண் என்பது அது. கட்டுரை ஆலைகளில் விலைக்கு வாங்கியவற்றையும் போலித் தரவுகளையும் கட்டுப்படுத்த இது தேவைதான். நோக்கத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் திரும்பப் பெறுதல் என்பது ஆய்வுப் பதிவைச் சரிசெய்வதற்கான வழி, ஆசிரியரைத் தண்டிப்பதற்கானது அல்ல என்று பதிப்பு அறநெறிக் குழுவின் வழிகாட்டுதல் சொல்கிறது. நேர்மையான பிழைக்கும் அது பொருந்தும். தன் கட்டுரை தவறு என்று தானே முன்வந்து சொல்பவருக்கும், போலிக் கட்டுரை பிடிபட்டவருக்கும் ஒரே கழித்தல் என்றால், முதலாமவர் வாய் திறக்க மாட்டார். அவருடைய கல்லூரியும் திறக்க விடாது. 1977-ல் இப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால், பட்டாச்சார்யா இரண்டாவது கட்டுரையை எழுதுவதற்கு முன் நிறுவனத்தின் மதிப்பெண்ணை எண்ணிப்பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

அன்றைய கட்டுரையை இன்றுவரை யாரும் திரும்பப் பெற வேண்டிய தேவை எழவில்லை. அடுத்த கட்டுரை அதைத் திருத்திவிட்டது. ஆனால் முதல் கட்டுரையை மட்டும் தனியே எடுத்துப் படிப்பவருக்கு இரண்டாவதைப் பற்றித் தெரிய வழியில்லாத நிலை அச்சு இதழ்களின் காலத்தில் இருந்தது. காவலூரைப் பற்றி இனி எழுதப்படும் பதிவுகளில் நான்கு செய்திகளையாவது சேர்த்துச் சொல்லலாம்: 1977 மார்ச்சில் காவலூரில் ஒரு மங்கல் பதிவானது, அதைத் துணைக்கோள் என்று மே மாதம் அறிவித்தார்கள், அது வளையம் என்பதை எலியட், மில்லிஸ் குழுக்களின் பதிவுகள் காட்டின, ஆண்டு முடிவதற்குள் காவலூரும் வளையம் என்றே எழுதியது. நேச்சர் 267-ஆம் தொகுதியின் 328 முதல் 332 வரையுள்ள பக்கங்களை ஒரே அமர்வில் படித்துவிடலாம்.